பேருக்குச் சூடு

கண்ணில் வந்த கட்டியை ஊரிடம் மறைக்கலாம். கட்டின பெண்டாட்டியிடம்கூட மறைக்கலாம். கண்ணைப் பார்க்கிற டாக்டரிடமே எவனாவது மறைப்பானா? என் வீட்டுக்காரர் மறைத்தார். அறுபதை நெருங்குகிற மனுஷன், ஞாயிறு தமிழ்ப் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறவர், மூவாரில் மேசை நாற்காலி செய்கிற கம்பெனியில் ஒரு செக்‌ஷனையே கட்டி மேய்க்கிற சூப்பர்வைசர். அவருக்குப் புத்தி போன போக்கு அது.

அவர் பெயர் ஸ்டானிஸ்லாஸ். மரத்தைத் தேய்த்து வார்னிஷ் அடிக்கிற இடத்தில்தான் அவருக்கு வேலை. தூசியும் அந்த மருந்து நாற்றமும் சேர்ந்து பல வருஷமாகக் கண் எரிச்சல். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது இரண்டு கண்ணும் மிளகாய்த்தூள் பட்ட மாதிரி சிவந்திருக்கும். சொட்டு மருந்து விடுவார், அரை மணி நேரம் தாங்கும், மறுபடியும் கசக்க ஆரம்பித்துவிடுவார். கோயிலில் வாசிக்கும்போது எழுத்து மங்கிப் பாதியில் நின்றுவிடுவார். சனம் இருமும், குழந்தைகள் திரும்பிப் பார்க்கும், எனக்கு உயிரே போய்விடும்.

ஜோகூர் பாருவில் ஒரு கண் மருத்துவமனையில் இதற்குப் புது வைத்தியம் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று எங்கள் மகள் ஷர்மைன்தான் சிங்கப்பூரிலிருந்து போன் போட்டுச் சொன்னாள். போனோம். அங்கே இருந்த டாக்டர் பெயர் சௌந்தர்யா. முப்பத்தைந்து வயசுகூட இருக்காது. செட்டியார் வீட்டுப் பெண், பேச்சில் அவ்வளவு பதவிசு.

"அங்கிள், கண்ணீர் வத்திப் போகாம இருக்க அது மேல மெல்லிசா ஒரு எண்ணெய்ப் படலம் வேணும். குழம்பு மேல எண்ணெய் மிதக்குதுல்ல, அந்த மாதிரி. அந்த எண்ணெய் இமை ஓரத்துல இருக்கற சுரப்பியில இருந்து வருது. உங்களுக்கு அதுங்க அடைச்சுப் போயிருக்கு" என்று சொல்லி, அவர் இமையைப் புரட்டிப் படம் எடுத்துக் காட்டினாள். நல்ல இமையில் சுரப்பிகள் சீப்பின் பற்கள் மாதிரி வரிசையாக நிற்குமாம். இவருடையது பல் உடைந்த சீப்பு.

வைத்தியம் இதுதான். இமை மேல் ஒரு கப்பு மாதிரி வைத்து, சூடு ஏற்றி, மெதுவாக அமுக்கி, உறைந்த எண்ணெயை வெளியே எடுப்பார்கள். ஆனால் வருகிற எல்லோருக்கும் அது கிடைக்காது. பாதிப் பேருக்குத்தான் நிஜச் சூடு. மீதிப் பேருக்கு அதே கப்பு, அதே சத்தம், சூடு மட்டும் பேருக்கு. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடும். அப்படிச் செய்தால்தான் மருந்து வேலை செய்கிறதா, மனசு வேலை செய்கிறதா என்று தெரியுமாம்.

"எனக்கே தெரியாது ஆண்ட்டி. பக்கத்து ரூம்ல வைக்கறவங்களுக்கு மட்டுந்தான் தெரியும். அவங்களும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

"ஏமாத்து வேல மாதிரி இருக்கே, டாக்டர்" என்றேன் நான். எனக்கு மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயில் ஒன்று பேச வராது.

"நீ சும்மா இருலா, இன்பம்" என்று என் கையை அமுக்கினார் இவர்.

முதல் தடவை கப்பு வைத்துவிட்டு வெளியே வந்தவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே. புது மாப்பிள்ளை தோற்றான். "இன்பம், நல்ல சூடு. உள்ள உருகி ஓடுறது தெரியுது. எனக்கு அசல்தான் வெச்சிருக்காங்க" என்றார். வழியெல்லாம் அதே பேச்சு. அடுத்த ஞாயிறு எங்கேயும் நிற்காமல் வாசித்து முடித்தார். கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "நான் ஆராய்ச்சியில இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன்.

அப்புறம்தான் அந்தக் கட்டி வந்தது. வலது கண், மேல் இமை. பாசிப்பயறு அளவுதான். எல்லோருக்கும் வருகிற கண்கட்டி என்றுதான் நினைத்தோம். அந்த ஞாயிறு பூசை முடிந்து ஹாலில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பாட்டுக்குழு ஜெயபாலன் இவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"அலமாக்! என்னா பிரதர், யார் வீட்டுப் பாத்ரூம எட்டிப் பாத்தீங்க?"

ஹாலே சிரித்தது. கண்கட்டி வந்தவன் யாரோ குளிப்பதை ஒளிந்து பார்த்தவன் என்று நம் ஆட்களும் சொல்வார்கள், மலாய்க்காரர்களும் சொல்வார்கள். சின்னப் பிள்ளையிலிருந்து கேட்டு வந்த கிண்டல்தான். நானும் சிரித்தேன். இவர் முகம் மட்டும் கறுத்துப் போனது. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தரைப் பற்றி அப்படி ஒரு பேச்சு எழும்பி, அந்தக் குடும்பமே கோயில் மாறிப் போயிற்று. அது இவருக்கு ஞாபகம் வந்திருக்கும். அடுத்த வாரம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். வாசகத்தை வேறு ஒருவர் வாசித்தார்.

கொஞ்ச நாளில் கட்டி காணாமல் போனது. "தானா உடைஞ்சு போச்சு" என்றார். நானும் விட்டுவிட்டேன். ஜோகூர் பாருவுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் அந்த டாக்டர் பெண் கேட்பாள். "அங்கிள், கண்ணுல ஏதும் கட்டி வந்துச்சா? வேற எங்கயும் காட்டினீங்களா? வெட்டுனாங்களா?" இவரும் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டி, "இல்ல டாக்டர், எல்லாம் ஓகே" என்பார். நான் பெரும்பாலும் வெளியே உட்கார்ந்திருப்பேன். அவர் உள்ளே என்ன சொன்னார் என்பதே எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

பெக்கான் நானாஸில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். காலையில் அவருக்கு மீசைக்கு மை அடித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கிட்டத்துப் பார்வை நல்ல பார்வை. வலது இமையில் ஓர் இடத்தில் முடியே இல்லை, வழித்துவிட்ட மாதிரி இருந்தது. அதே இடத்தில் மஞ்சளாக ஒரு தடிப்பு.

"என்னங்க இது, முடி கொட்டியிருக்கு?"

"வயசாச்சுல்ல. தலையில கொட்டுறது கண்ணுல கொட்டுது."

"தலையில கொட்டுறது எல்லா இடத்துலயும் கொட்டும். இது ஒரே இடத்துல கொட்டியிருக்கு. அந்தக் கட்டி வந்த இடம்."

"ஆரம்பிச்சிட்டியா? கல்யாணத்துக்கு நேரமாச்சு."

மனுஷனுக்குக் கோபம் வந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் ஆகிறதே, இதுகூடத் தெரியாதா எனக்கு? அடுத்த தடவை ஜோகூர் பாருவுக்குப் போனபோது நான் வெளியே உட்காரவில்லை. பின்னாலேயே உள்ளே நுழைந்துவிட்டேன்.

டாக்டர் கேட்டாள். இவர் தலையை ஆட்டினார். "பொய் டாக்டர்" என்றேன். "அந்த இமையப் பாருங்க. கட்டி வந்து போச்சு, இப்ப முடி கொட்டுது."

டாக்டர் இமையைப் புரட்டினாள். விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள். அவளுடைய கை அப்படியே நின்றது.

"அங்கிள், இத யாராச்சும் வெட்டினாங்களா?"

"இல்ல டாக்டர்."

"வாயத் தொறந்து உண்மையச் சொல்லுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

அப்போதுதான் சொன்னார். மரம் பார்க்கப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு யோங் பெங் போயிருக்கிறார். மூவாரில் காட்டினால் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களாம். அங்கே ஒரு சின்ன கிளினிக்கில் கட்டியைக் கீறிச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள்.

"எடுத்தத டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்களா?"

"குப்பையில போட்டாங்க."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஏன் அங்கிள்? எத்தன தடவ கேட்டேன்?"

"கட்டி வந்தாலோ வெட்டினாலோ ஆராய்ச்சியில இருந்து எடுத்துருவோம்னு நீங்கதான மொத நாளே சொன்னீங்க. எனக்கு இந்தச் சூடு நல்லா வேலை செய்யுது டாக்டர். நடுவுல விட்டா மறுபடியும் வாசிக்க முடியாமப் போயிரும்." முதலாளியிடம் லீவு கேட்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். எனக்கு அவரை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

அன்றைக்கே ஒரு துண்டு எடுத்து அனுப்பினார்கள். வந்தது புற்றுநோய். எந்தச் சுரப்பிக்கு வைத்தியம் பார்க்கப் போனோமோ அதே எண்ணெய்ச் சுரப்பியில். பார்ப்பதற்குச் சாதாரணக் கண்கட்டி மாதிரியே வருமாம், வெட்டினால் போகுமாம், அப்புறம் திரும்பி வருமாம். முதல் கட்டியிலேயே பிடித்திருந்தால் இமையில் ஒரு துண்டோடு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாள். இப்போது கண்ணுக்குப் பின்னால் போய்விட்டது. காதுக்கு முன்னால் ஒரு நெறிகட்டியிலும் இருந்தது. கண்ணை இமையோடு சேர்த்து மொத்தமாக எடுத்தால்தான் ஆளைக் காப்பாற்றலாம் என்றார்கள்.

மொத்தமாக என்றால் என்னவென்று எனக்கு அப்போது புரியவில்லை. கண்ணாடிக் கண் வைப்பார்கள் என்று நினைத்தேன். வைப்பதற்கு இடமே இருக்காது என்று பிறகுதான் தெரிந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் சௌந்தர்யா வார்டுக்கு வந்தாள். வேறு பெரிய டாக்டர்தான் செய்யப் போகிறார், இருந்தாலும் வந்தாள். இவர் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"டாக்டர், எனக்கு வெச்சது அசலா, பேருக்கா? இப்பவாச்சும் சொல்லக்கூடாதா?"

"கேட்டிருக்கேன் அங்கிள். உங்க விஷயத்துல சீட்டத் தொறந்து பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க. தெரிஞ்சதும் சொல்றேன்."

"நான் தூங்கிட்டு இருந்தா இவகிட்ட சொல்லிருங்க" என்று என்னைக் காட்டினார்.

அப்படியே ஆனது. ஆபரேஷன் முடிந்த மறுநாள் மத்தியானம் அவள் வந்தபோது இவர் மருந்து மயக்கத்தில் கிடந்தார். முகத்தில் பாதி துணிக்கட்டு. டாக்டர் என்னை வராண்டாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஆண்ட்டி, அங்கிளுக்கு வெச்சது சூடு இல்லாதது."

எனக்கு உடனே மண்டையில் ஏறவில்லை. "அவரு கண்ணு நல்லாத்தான இருந்துச்சு? நிக்காம வாசிச்சாரே?"

"சில பேருக்கு அப்படி ஆகும் ஆண்ட்டி. நல்லாயிரும்னு நம்புறாங்க, கொஞ்ச நாளைக்கு நல்லாவே இருக்கு."

நான் அவளைத் திட்டினேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒன்றுமில்லாத கப்பை வைத்து ஒரு மனுஷனை ஏமாற்றினீர்களே, அந்த ஒன்றுமில்லாததை விட மனசில்லாமல்தானே அவர் கட்டியை மறைத்தார், இமையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாயே, உன் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். கடைசியில், "ஒரு தடவ செவப்பா இருந்துச்சு ஆண்ட்டி. கசக்கினேன்னு சொன்னாரு. நம்பிட்டேன்" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? பாதி ஆத்திரம் அவள் மேல் என்றால் மீதி உள்ளே படுத்திருக்கிறவர் மேல்.

"அங்கிள் எழுந்ததும் நானே சொல்லட்டுமா?"

"வேணாம். நான் சொல்லிக்கறேன்."

சாயங்காலம் அவர் விழித்தார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அடுத்த வார்த்தை அதுதான்.

"டாக்டர் வந்தாங்களா? என்னா சொன்னாங்க? அசலா?"

மிச்சமிருந்த அந்த ஒற்றைக் கண் என்னையே பார்த்தது. பரீட்சை ரிசல்ட் கேட்கிற பிள்ளை அப்படித்தான் பார்க்கும். என் வாயில் பொய் வராது என்று ஊருக்கே தெரியும். அன்றைக்கு வந்தது.

"அசல்தாங்க" என்றேன்.

"நான் சொன்னேன்ல" என்று பாதி முகத்தால் சிரித்தார். கண்ணை இழந்த மனுஷனுக்கு அந்த ஒரு சிரிப்பாவது கிடைத்ததே என்று இருந்தது.

வீட்டுக்கு வந்தோம். பார்க்க வருகிறவர்கள் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தார்கள், அவர் முகத்தைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனார்கள். ஜெயபாலனும் வந்தார். பாவம், உட்கார்ந்த இடத்தில் குழந்தை மாதிரி அழுதார். அன்றைக்கு இவர் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்ததைச் சமையல்கட்டிலிருந்து கேட்டேன்.

"எனக்கு வெச்சது அசல் மெஷினு, பிரதர். அத்தன தடவ சூடு வெச்சா இமை தாங்குமா? அதான் உள்ள புத்துநோயக் கெளப்பி விட்டுருச்சு."

கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டேன். அப்படியா கணக்குப் போட்டிருக்கிறார்? அவர் மனசு குளிரட்டும் என்று சொன்ன பொய்யை எடுத்து எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்!

நெறிகட்டிக்குப் போயிருந்ததால் கதிர்வீச்சு வைத்தியம் கட்டாயம் என்று சொல்லியிருந்தார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும். அதை விட்டால் கழுத்தில் வரும், அடுத்தது நெஞ்சுக்குப் போகும், அதற்கப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். இவர் அங்கே தலையை ஆட்டினார். தலையை ஆட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. முதல் நாள் போக வேண்டிய காலையில் பார்த்தால் கைலியோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்.

"என்னங்க, கெளம்பலையா?"

"நான் வரல."

"என்ன வெளயாட்டு இது? டைம் குடுத்திருக்காங்க."

"மொகத்துக்கு மெஷின் வெச்சது போதும் இன்பம். ஒரு கண்ணு போச்சு. இருக்கறதையும் பொசுக்கிக்கச் சொல்றியா?"

"அந்தச் சூட்டால வரலன்னு டாக்டர் எத்தன தடவ சொன்னாங்க?"

"அவங்க ஆராய்ச்சி, அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நான்தான அனுபவிச்சேன்."

ஷர்மைனை வீடியோ காலில் கூப்பிட்டேன். அவள் அழுதாள், கெஞ்சினாள். "அப்பாவ வற்புறுத்தாதமா" என்று போனை என்னிடம் நீட்டிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்தேன். காதுக்குக் கீழே கையை வைத்தேன். தோலுக்கு அடியில் புதுசாக ஒன்று கல் மாதிரி தட்டுப்பட்டது. என் கையைத் தட்டிவிட்டார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. இதையும் மறைத்து வைத்திருக்கிறார்.

இன்னும் கொஞ்ச நாள் இந்த மனுஷன் சந்தோஷமாக ஏமாந்துகொண்டே சாகட்டும் என்று விடவா? எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

"உங்களுக்கு வெச்சது சூடே இல்லங்க. சும்மா கப்பு."

"என்னா?"

"பேருக்கு வெச்சது. வெறும் சத்தம். அதால ஒண்ணும் வந்திருக்க முடியாது, ஒண்ணும் போயிருக்கவும் முடியாது. நீங்க மயக்கத்துல இருந்தப்ப டாக்டர் வந்து சொல்லிட்டாங்க. நான்தான் மாத்திச் சொன்னேன்."

"பொய் சொல்லாத. நான் வரணும்னு சொல்ற. எனக்குச் சூடு பட்டுச்சு. எனக்குத் தெரியும்ல?"

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து கட்டில் சட்டத்தில் சாய்ந்தது. தெருவில் ரொட்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

"அதுல இருந்து எடுத்துருவாங்கன்னுதான மறைச்சேன்" என்றார். குரலே வரவில்லை. "எதுல இருந்துடி எடுத்திருப்பாங்க?"

அவர் கை முகத்தின் வலது பக்கத்துக்குப் போனது.

"கட்டியக் காட்டியிருந்தா கண்ணு இருந்திருக்கும்."

"ஆமாங்க."

"எனக்கு ஒண்ணுமே வெக்கல. ஒண்ணுமே இல்லாததுக்கா நான் இந்தக் கண்ணக் குடுத்தேன்?"

"ஆமாங்க" என்றேன்.

"அப்பவே ஏண்டி சொல்லல?"

"உங்களுக்கு வலிக்கும்னு."

"இப்ப வலிக்கலையா?" ஒற்றைக் கையால் முகத்தை மூடிக்கொண்டு, மாடு கத்துகிற மாதிரி கத்தினார். அப்படி ஒரு சத்தம் அவரிடமிருந்து நான் கேட்டதே இல்லை.

"வலிக்கட்டுங்க" என்றேன். எனக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உசுரோட இருந்து வலிக்கட்டும்."

அலமாரியைத் திறந்து சட்டையை எடுத்து நீட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து வாங்கிக்கொண்டார். பட்டன் போட அவருக்குக் கை வரவில்லை. நான்தான் போட்டுவிட்டேன்.